சப்வூஃபர் குமிழை எந்த எண்ணில் வைப்பது?

கேள்வி சுருக்கமாக இது. ஒருவர் புதிதாக 5.1 ரிசீவரும் (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் கவனித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்), 10 அங்குல பவர்டு சப்வூஃபரும் (கீழ் சத்தத்துக்கென்றே சொந்த ஆம்ப்ளிஃபயரோடு வரும் பெட்டி) வாங்கியிருக்கிறார். சப்பின் முதுகில் 40 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை எண் போட்ட குமிழ் ஒன்று இருக்கிறது. பொருத்திக் கொடுக்க வந்தவர் அதை 60-இல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ரிசீவர் மெனுவில் க்ராஸ்ஓவர், அதாவது சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பங்கு பிரிக்கும் எல்லை, 80 என்கிறது. இன்னொரு பக்கத்தில் ‘எல்பிஎஃப் ஃபார் எல்எஃப்இ’ என்ற பெயரில் 120 இருக்கிறது. பாட்டுக் கேட்டால் பேஸ் கிட்டார் பாதி நேரம் காணாமல் போகிறது; ஒரு சில சுரத்துக்கு மட்டும் ஜன்னல் கம்பி வரை அதிர்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. மூன்று இடத்தில் மூன்று எண் இருக்கிறதே, எதை எதில் வைப்பது?

முதலில் கையால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சப்பின் குமிழை வலது கோடிக்குத் திருப்பி, 150-இல் விட்டுவிடுங்கள். ‘பைபாஸ்’ அல்லது ‘எல்எஃப்இ’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதையே போட்டுவிடுங்கள், குமிழைப் பற்றிக் கவலையே வேண்டாம். ரிசீவரில் 80-உம் 120-உம் இருக்கிறபடியே இருக்கட்டும். பிறகு மைக்கை வைத்து, ரிசீவர் தானே அளந்து அமைத்துக்கொள்ளும் ஆட்டோ செட்டப்பை மறுபடி ஒரு முறை ஓட்டுங்கள். பேஸ் கிட்டார் திரும்பி வந்துவிடும். ஜன்னல் அதிர்வது வேறு வியாதி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி, ஏன் என்பதைப் பார்ப்போம். இது தெரிந்துவிட்டால் நாளைக்கு வேறு ரிசீவர், வேறு சப் வாங்கினாலும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கீழ் அதிர்வெண்களை மட்டும் உள்ளே விடுவது லோ-பாஸ் ஃபில்டர்; சப்பின் குமிழும் அதுதான். அதில் 80 என்று வைத்தால் 80-க்குக் கீழே எல்லாம் போகும், 81-இல் கதவு சாத்தப்படும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது சுவர் இல்லை, சரிவு. ரிசீவரில் சப்புக்குப் போகும் ஃபில்டர் வழக்கமாக ஆக்டேவுக்கு (அதிர்வெண் ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும்) 24 டெசிபல் சரிவு கொண்டது. அதாவது 80-இல் ஏற்கெனவே 6 டெசிபல் குறைந்திருக்கும், 113 ஹெர்ட்ஸ் வாக்கில் 14 குறைந்திருக்கும், 160-இல் 24-க்குச் சற்று மேல். அதே நேரம் ஸ்பீக்கர்களுக்குப் போகும், மேல் அதிர்வெண்களை மட்டும் விடும் ஹை-பாஸ் ஃபில்டர் எதிர்ப் பக்கத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். இரண்டும் 80-இல் சந்திக்கிறபோது சப் பாதி, ஸ்பீக்கர் பாதி. இரண்டு பாதியும் ஒரே சீரில் துடித்தால் சேர்ந்து முழுசாகும். ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்த லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு பொறியாளர்கள் 1976-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த வடிவம் இது. இன்றைக்கும் அவர்கள் பெயரில்தான் அந்த ஃபில்டரை அழைக்கிறோம்.

இதில் ‘ஒரே சீரில்’ என்ற சொல்தான் முக்கியம். ஃபில்டர் என்பது ஒலியைக் குறைக்க மட்டும் செய்வதில்லை, தாமதப்படுத்தவும் செய்யும். ஃபேஸ், அதாவது அலை ஏறி இறங்கும் நேரம், நகரும். ரிசீவரில் உள்ள இரண்டு ஃபில்டர்களும் ஒன்றுக்கொன்று ஜோடியாகச் செய்தவை, அதனால் நகர்ந்தாலும் சேர்ந்தே நகரும். இடையில் சப்பின் குமிழ் மூன்றாவது ஆளாக நுழைந்தால் ஜோடி பிரிந்துவிடும்.

உங்கள் வீட்டு நிலைமையையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரிசீவரில் இரு புறமும் 24 டெசிபல் சரிவு, சப்பின் குமிழ் 60-இல், அதற்குள் 12 டெசிபல் சரிவு என்று வைத்துக்கொண்டேன். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளைத் திறந்தபடி மீட்டினால் வரும் சுரங்கள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். இந்த அமைப்பில் முதல் தந்தி 1 டெசிபல்தான் குறைகிறது, காதுக்கே தெரியாது. இரண்டாவது மூன்றரை. மூன்றாவது தந்தி 7 டெசிபல். நான்காவது 4. வாசிப்பவர் நான்கு தந்தியையும் ஒரே விசையில்தான் மீட்டுகிறார். உங்கள் அறையில் மட்டும் மூன்றாவது தந்திக்கு வரும்போது யாரோ பக்கத்து அறைக்குப் போய் வாசிப்பது போல் கேட்கிறது. ‘பாதி நேரம் காணாமல் போகிறது’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

இன்னொரு வேடிக்கையும் அந்தக் கணக்கில் இருக்கிறது. சரியாக 80 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கர் தனியாகக் கொடுப்பது 6 டெசிபல் குறைவாக. சப்பையும் சேர்த்தால் ஆறரை டெசிபல் குறைவு. அதாவது அந்த இடத்தில் சப்பை அணைத்து வைத்தால் சத்தம் ஒரு நூல் கூடும்! பணம் கொடுத்து வாங்கிய பெட்டி எதிர்க்கட்சி வேலை பார்க்கிறது.

பொருத்த வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘சப் என்றால் கீழ் சத்தம் மட்டும்தானே, குமிழைக் கீழே வைத்தால் ஆழமான பேஸ் வரும்’ என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் முதல் சப்பில் நானே குமிழை 50-இல் வைத்து, ஆறேழு மாதம் ‘ஆகா, என்ன ஒரு சுத்தமான பேஸ்’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். சுத்தமாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் துடைத்து எடுத்துவிட்டால் எதுவும் சுத்தமாகத்தான் இருக்கும். கடைசியில் வீட்டுக்கு வந்த ஒரு கீபோர்டுக்காரர் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, ‘இதில் பேஸ்காரர் இறங்கி வருகிற இடம் ஒன்று உண்டே, எங்கே?’ என்றார். அன்றைக்குத்தான் குமிழைத் திருப்பினேன்.

சரி, அடுத்தது அந்த 120. இது க்ராஸ்ஓவர் இல்லை. எல்பிஎஃப் என்பது லோ-பாஸ் ஃபில்டரின் சுருக்கம்; பெயரில் ஃபில்டர் இருப்பதால் எல்லோரும் இதையும் அதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

5.1 என்பதில் அந்த ‘.1’ தனியாக ஒலிப்பதிவு செய்த ஒரு சானல், எல்எஃப்இ. வெடி, இடி, கட்டடம் சரிவது போன்றவற்றுக்காக மிக்ஸிங் செய்பவர் அதில் தனியே ஒலி போடுவார். டால்பி டிஜிட்டலில் அந்தச் சானலின் மேல் எல்லை 120 ஹெர்ட்ஸ். மற்ற சானல்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படிதான் அது வகுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் படத்தில் வெடிக்கிற வெடி பாட்டில் வெடிப்பதில்லை. இரண்டு சானல் பாட்டில் எல்எஃப்இ என்றே ஒன்று கிடையாது. அங்கே சப்பில் கேட்பதெல்லாம் முன் ஸ்பீக்கர்களிடமிருந்து க்ராஸ்ஓவர் பிரித்து அனுப்பிய பங்கு.

இரண்டு அமைப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. க்ராஸ்ஓவரை 80-இல் வைத்தால் 80-க்கு மேல் உள்ளது ஸ்பீக்கரில் ஒலிக்கும், கீழே உள்ளது சப்பில் ஒலிக்கும். எதுவும் வீணாவதில்லை, பங்கு பிரிப்பதோடு சரி. ஆனால் எல்பிஎஃப் ஃபார் எல்எஃப்இ-யை 80-க்கு இறக்கினால், எல்எஃப்இ-யில் 80 முதல் 120 வரை இருந்தது எந்த ஸ்பீக்கருக்கும் போகாது. குப்பைக் கூடைக்குத்தான். மிக்ஸிங் செய்தவர் அந்த இடத்தில் எதுவும் போடவில்லை என்றால் இழப்பு இல்லை. போட்டிருந்தால் போனது போனதுதான். டினான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இது தொடக்கத்திலேயே 120-இல்தான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 80-இல் வைத்தால் பேஸ் இறுக்கமாகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சப் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் பெட்டி முனகுகிற மலிவான சப் என்றால் அவர்கள் சொல்வதில் அர்த்தம் உண்டு. நல்ல சப் வைத்துக்கொண்டு அப்படிச் செய்வது, மழை வரும் என்று சாளரத்தை ஆணி அடித்து மூடுவது மாதிரி.

இப்போது சப்பின் குமிழ் ஏன் வலது கோடியில் இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டாவது காரணமும் புரிந்திருக்கும். அந்த எல்எஃப்இ 120 வரை சப்புக்கு வர வேண்டும். குமிழ் 60-இல் நின்றால் ரிசீவர் மெனுவில் என்ன எண் போட்டாலும் சப் அதைக் கேட்கப் போவதில்லை.

அடுத்து க்ராஸ்ஓவர் 80 சரியா என்பது. இந்த எண்ணை எல்லோர் வாயிலும் போட்டது டிஎச்எக்ஸ். 1983-இல் லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய தர முறை அது. பின்னாளில் வீட்டுக்கும் வந்தபோது 80 ஹெர்ட்ஸைப் பொது எண்ணாக வைத்தார்கள். காரணம் எளிது. 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.3 மீட்டர். நம் இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட முழுசாக இல்லை. அவ்வளவு நீளமான அலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காதால் சொல்ல முடியாது. ஆகவே சப் எங்கே இருந்தாலும் ஒலி முன் ஸ்பீக்கரிலிருந்து வருவதாகவே மனம் எடுத்துக்கொள்ளும். எண்ணை ஏற்ற ஏற்ற இந்தச் சலுகை போய்விடும். ஆண் குரலின் அடி அதிர்வு ஏறத்தாழ 85-இல் தொடங்குகிறது. க்ராஸ்ஓவரை 150-இல் வைத்துவிட்டு சப்பைச் சோபாவுக்குப் பக்கவாட்டில் வைத்தால் வில்லன் திரையில் வாயசைப்பார், அடிக்குரல் சோபாவுக்கு அடியிலிருந்து வரும்.

ஆனாலும் 80 என்பது வேதவாக்கு இல்லை. இந்த எண்ணைத் தீர்மானிப்பது சப் அல்ல, உங்கள் சின்ன ஸ்பீக்கர்கள். அவை எதுவரை இறங்க முடியும் என்று விவரத்தாளில் பாருங்கள், அதற்குக் கொஞ்சம் மேலே க்ராஸ்ஓவரை வையுங்கள். ஐந்தரை, ஆறரை அங்குல வூஃபர் கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றால் 80 பொருந்தும். மூன்று அங்குலக் கன சதுரப் பெட்டிகள் என்றால் 120-க்கு, ஏன் 150-க்குக்கூடப் போக வேண்டியிருக்கும். அப்போது சப்பை முன்பக்கம், டிவிக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள், வில்லன் குரல் ஊர் சுற்றாது. உயரமான டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆட்டோ செட்டப் அவற்றை ‘லார்ஜ்’ என்று எழுதிவிட்டால் க்ராஸ்ஓவரே வேலை செய்யாது. மெனுவுக்குள் போய் ‘ஸ்மால்’ ஆக்கிவிட்டு 60 அல்லது 80 போடுங்கள். ஸ்மால் என்றால் ஸ்பீக்கரைக் கேவலப்படுத்துவதாக நினைத்துச் சிலர் மறுக்கிறார்கள். பேஸ் சுமையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டோம் என்பதுதான் அதற்கு அர்த்தம், வேறு ஒன்றுமில்லை. சப் அமைப்பில் ‘எல்எஃப்இ ப்ளஸ் மெயின்’ இருந்தால் அதையும் வெறும் ‘எல்எஃப்இ’ ஆக்கிவிடுங்கள். ஒரே பேஸை இரண்டு பேர் பாடினால் நன்றாக இருக்கும் என்பது தப்புக் கணக்கு.

ஆட்டோ செட்டப் முடிந்ததும் ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். டேப் வைத்து அளந்தால் சப் 3 மீட்டரில் இருக்கும், ரிசீவர் 3.5 அல்லது அதற்கும் மேல் காட்டும். அது பிழை இல்லை. குமிழை 150-இல் வைத்தாலும் சப்புக்குள் இருக்கும் ஃபில்டர் ஒன்றரை மில்லி செகண்ட் அளவுக்குத் தாமதிக்கிறது. ஒலி அந்த நேரத்தில் அரை மீட்டர் போய்விடும். அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாக எழுதிவைக்கிறது. டேப்பில் உள்ளபடி திருத்துகிறேன் பேர்வழி என்று அதை மாற்றினால் கஷ்டப்பட்டுச் சேர்த்த ஜோடியை மறுபடி பிரித்துவிடுவீர்கள். இதே காரணத்தால்தான் குமிழைத் தொட்டால் செட்டப்பை மறுபடி ஓட்டச் சொன்னேன். குமிழை நகர்த்தினால் தாமதமும் நகரும்.

சேர்ந்ததா என்று காதாலேயே சோதிக்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, ரிசீவருக்கு 80 ஹெர்ட்ஸ் சைன் அலையை அனுப்புங்கள், ஸ்டீரியோ முறையில். சத்தம் குறைவாகவே இருக்கட்டும்; பாட்டு இடைவெளி விட்டுப் போகும், சைன் அலை விடாமல் ஓடும், அதிகம் வைத்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) சூடேறிவிடும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் சப்பின் பின்னால் போய் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றட்டும். எதில் சத்தம் கூடுதலோ அதில் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் சப் சரியாக நடுவில், 90 டிகிரி தள்ளி நிற்கிறது. மெனுவில் சப்பின் தூரத்தைக் கால் மீட்டர் கால் மீட்டராக நகர்த்தி மறுபடி பாருங்கள். போன் மைக்கால் அளக்கிறேன் என்று இறங்காதீர்கள், கீழ் அதிர்வெண்ணில் அதன் பேச்சை நம்ப முடியாது. அளந்தே ஆக வேண்டும் என்றால் யூ.எஸ்.பி. அளவு மைக் ஒன்று வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈ.க்யூ. விசார்ட் என்ற மென்பொருளில் பாருங்கள். ஒரு வார விடுமுறை அதில் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் அந்தக் குமிழ் எதற்குத்தான்? ரிசீவர் இல்லாத இடத்துக்கு. சாதா ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயரில் சப்புக்கு வழியே இல்லை, ஸ்பீக்கர் வயரையே சப்புக்கும் இழுத்திருக்கிறீர்கள். இங்கே லோ-பாஸ் ஃபில்டர் என்று இருப்பது சப்பின் குமிழ் ஒன்றுதான். ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸ் கிடையாது, அவை தங்களால் முடிந்த மட்டும் கீழே இறங்கி, தாமாகவே ஓய்ந்துபோகும். அவை ஓயும் இடத்தில் சப் தொடங்க வேண்டும். குமிழைக் கீழ்க் கோடியில் வைத்துத் தொடங்கி, பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு பாட்டைப் போட்டு, மெல்ல மேலே ஏற்றுங்கள். ஓர் இடத்தில் நான்கு தந்தியும் ஒரே ஆள் வாசிப்பதாகக் கேட்கும். இன்னும் ஏற்றினால் குரலில் கனம் ஏறி, சளி பிடித்த மாதிரி ஆகும். அங்கிருந்து ஒரு நூல் பின்னால் வந்தால் சரி. பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் நடுவில் முடியும்.

குமிழில் அச்சடித்த எண்ணை ரொம்பவும் நம்ப வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது இரட்டை பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக ‘பாட்’; திருகினால் மின்தடை மாறும் உறுப்பு. கட்-ஆஃப், அதாவது ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண், அதன் ஓம் அளவுக்குத் தலைகீழாக மாறும். 10 கிலோ ஓமில் 160 ஹெர்ட்ஸ், 40 கிலோ ஓமில் 40 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், சமமாக நகரும் பாட் போட்ட பலகையில் குமிழின் நட்ட நடுவில் 25 கிலோ ஓம் இருக்கும். அது 64 ஹெர்ட்ஸ், 100 இல்லை. எண்ணை நேர்ப்பட அச்சடித்த கம்பெனியும் உண்டு, வேறு வகைப் ‘பாட்’ போட்ட கம்பெனியும் உண்டு.

இந்தப் பதிலைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ரிச்சி தெருவில் பலகைகள் வாங்கிச் சொந்தமாக 5.1 ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களாக இருப்பீர்கள் என்று தெரியும், ஆகவே அதையும் தொட்டுவிடுகிறேன். 4558 ஐசி போட்ட சப்வூஃபர் ஃபில்டர் போர்டில் குமிழ் இல்லாமல், கட்-ஆஃப் மாற்ற வேண்டும் என்றால் ரெசிஸ்டரையோ கெப்பாசிட்டரையோ மாற்ற வேண்டியதுதான். கணக்கு இதுதான்: 2 பை, ஆர் (ரெசிஸ்டர்), சி (கெப்பாசிட்டர்) மூன்றையும் பெருக்கி, 1-ஐ அதால் வகுக்க வேண்டும். 22 கிலோ ஓமும் 104 என்று எழுதிய கெப்பாசிட்டரும் (0.1 மைக்ரோஃபாரட்) என்றால் 72 ஹெர்ட்ஸ். அதே ரெசிஸ்டரோடு 683 போட்டால் 106. 224 போட்டால் 33, அதில் நிலநடுக்கம் மட்டும்தான் கேட்கும். ஃபில்டரின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர் இருக்கும். மாற்றினால் இரண்டு கெப்பாசிட்டரையும் அதே விகிதத்தில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கட்-ஆஃப் நகர்வதோடு சரிவின் வடிவமும் கெட்டு, ஓரிடத்தில் திமில் போல் எழும்பி நிற்கலாம்.

இந்த ஆம்ப்ளிஃபயர்களில் உண்மையான குறை ஃபில்டர் போர்டில் இல்லை, மற்ற ஐந்து சானலில்தான். பெரும்பாலானவற்றில் சின்ன ஸ்பீக்கர்களுக்கு ஹை-பாஸே கிடையாது. நான்கு அங்குல ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸை இழுக்கப் பார்த்து மூச்சு வாங்கும். நாமோ சப்பில் குறை இருக்கிறது என்று அதன் குமிழைத் திருகிக்கொண்டிருப்போம். ஆம்ப்ளிஃபயர் போர்டின் உள்ளீட்டில் ஏற்கெனவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதன் உள்ளீட்டு எதிர்ப்பு 50 கிலோ ஓம் என்றால் அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 333 போடுங்கள், 96 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரியும். ஐந்து சானலுக்கும் ஐந்து கெப்பாசிட்டர், சில்லறைக் காசு. ஸ்பீக்கர் உடனே தெளிவாகிவிடும். முன்பு வைத்ததைவிட வால்யூமைக் கூட்டியும் வைக்கலாம்.

இடையில் ஒன்று. பாட்டே போடாதபோதும் சப் ‘ம்ம்ம்’ என்று முனகினால் கட்-ஆஃபைக் குறைத்து அதை அடக்கப் பார்க்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், முனகல் 50-இல் இல்லையென்றால் 100-இல். லோ-பாஸ் ஃபில்டர் அதற்குப் பட்டுக் கம்பளம் விரித்து வரவேற்கும். எர்த், வயர், கேபிள் டிவி இணைப்பு என்று அந்தப் பக்கம் தேடுங்கள்.

இனி உங்கள் ஜன்னல். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்று வளரும். பத்தடி அகலத்துக்கு 56. கூரை உயரமும் பத்தடிதான் என்றால் அதுவும் 56. ஒரே எண்ணில் இரண்டு பேர் சேர்ந்து கத்துகிறார்கள். கான்கிரீட்டும் டைல்ஸும் அந்த அதிர்வை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்பும். அதனால்தான் எல்லாப் பாட்டிலும் அதிர்வதில்லை, அந்தச் சுரத்தைத் தொடும் பாட்டில் மட்டும் அதிர்கிறது. 56-ஐ அடக்க வேண்டும் என்று லோ-பாஸைக் குறைத்துக்கொண்டே வந்தால், 56 அடங்குவதற்குள் அதற்கு மேலே உள்ள எல்லாமே செத்துப்போயிருக்கும். 60-இல் வைத்தவர்கூட ஒருவேளை இதற்காகத்தான் அப்படி வைத்தாரோ என்னவோ.

இதற்கு வழி சப்பை நகர்த்துவதுதான். இப்போது அது மூலையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூலை என்பது இந்த எல்லா அதிர்வுகளையும் உச்சத்தில் கிளப்பும் இடம். சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் ஓடி ஆடும் பாட்டு ஒன்றை மறுபடி மறுபடி ஓடவிடுங்கள். நீங்கள் சப் வைக்கச் சாத்தியமான இடங்களுக்கெல்லாம், சுவர் ஓரமாக, தவழ்ந்து போங்கள். காது தரையோடு இருக்கட்டும். ஓரிடத்தில் ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், இன்னோரிடத்தில் ஒன்றுமே இருக்காது, எங்கோ ஓர் இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் கேட்கும். அங்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு எழுந்திருங்கள். என் வீட்டில் அது பீரோவுக்கும் கதவுக்கும் நடுவே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வந்தது. வீட்டில் அதற்கு ஒப்புதல் வாங்க மூன்று நாள் ஆனது.

சப்பை அங்கே வைத்த பிறகு ஆட்டோ செட்டப்பை இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள். குமிழ் வலது கோடியிலேயே இருக்கட்டும். துடைக்கிறவர்கள் கை பட்டு நகராமல் இருக்க அதன் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டி வைத்திருக்கிறேன் நான்.